ஆர்வில் டெஸ்மர் வாங்கிய பழைய வில்

ஆர்வில் டெஸ்மர் எதையும் மூன்று தடவை பார்ப்பார். பால் லாரியின் வால்வை மூடிவிட்டு மூன்று தடவை திருகிப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து பார்ப்பார். கூட வேலை செய்யும் ஓட்டுநர்கள் முதலில் இதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். பிறகு விஷயம் தெரிந்த யாரோ மற்றவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும், கேலி ஒரே நாளில் நின்றுவிட்டது. கேலியைவிட அது நின்றுபோனதுதான் அவரை அதிகம் வாட்டியது.

பதினோரு வருடத்துக்கு முந்தைய நவம்பரில், துப்பாக்கி வேட்டைக் காலத்தின் மூன்றாம் நாள், பொழுது சாய அரைமணி இருக்கும்போது, ஆர்வில் தன் மனைவியின் தம்பி கோர்டி ஹோவ்லாண்டைச் சுட்டுவிட்டார். கோர்டி சதுப்புக்கு அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டியவன். தான் சுட்ட மான் காயத்தோடு ஓட, அதன் பின்னாலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டான். முழங்கால் பனியில் நடந்து வியர்த்துப்போய், வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி இடுப்பில் சுற்றியிருந்தான். ஆர்வில் கண்ணில் பட்டது ஊசியிலை மரங்களுக்கு நடுவே அசைந்த பழுப்பு நிறம். எண்பது கெஜம். கொம்பு தெரிந்ததாக நினைத்தார். நினைத்தார், அவ்வளவுதான்.

கொலை இல்லை, கவனக்குறைவு என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்றரை வருடம் உள்ளே இருந்தார். வேட்டை உரிமம் பல வருடத்துக்கு முடக்கம், துப்பாக்கி ஆயுசுக்கும் கூடாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்ததும் மனைவி மார்செல்லா தொண்ணூறு மைல் வண்டியோட்டி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தோட்டத்துத் தக்காளியைப் பற்றியும் கொதிகலன் ரிப்பேரைப் பற்றியும் பேசிவிட்டுப் போவாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தீர்ப்பு நாளன்று அவளுடைய இன்னொரு தம்பி லைல், நீதிமன்ற நடைபாதையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அவனை விட்டுட்டு வா மார்ஸி. இல்லேன்னா என் வீட்டுப் பக்கமே வராத." அவள் ஆர்வில்லை விடவில்லை. லைல் வீட்டுப் பக்கம் போகவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறு மைல் கவுண்டி சாலை. மளிகைக் கடையில் எதிரே வந்தால் லைலின் மனைவி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். பதினோரு வருடம் இப்படியே போயிற்று.

இந்த ஆகஸ்டில் மார்செல்லாவுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். கிறிஸ்துமஸ் பார்ப்பாள் என்று ஒரு டாக்டர் சொன்னார், பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆர்வில் வீடு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் முதல் வாரம். சமையலறை மேஜையில் அவள் சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது ஆர்வ்."

"டோஸ்ட் போடட்டுமா?"

"வேணாம். எனக்கு மானோட இருதயம் திங்கணும் போல இருக்கு. எங்கம்மா வெண்ணெயில வெங்காயம் போட்டு வறுப்பாங்களே, அது. அது மட்டும் இறங்கும்னு தோணுது."

ஆர்வில் பாத்திரம் துடைக்கும் துணியை மடித்தார். மான்கறி கடையில் கிடைக்காது. அடித்தவன் கொடுத்தால்தான் உண்டு. அவர் வீட்டுக்குக் கொடுக்க யாரும் இல்லை.

"லைல் வீட்டுல இருக்கும்" என்றாள் மார்செல்லா. "அவன் ஃப்ரீசர் எப்பவும் நிறைஞ்சுதான் கிடக்கும்."

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் அவர் லைல் வீட்டுக்குப் போகவில்லை. சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகைக்குப் போனார். பழைய டிராக்டர், நாய்க்குட்டிகள், குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் என்று ஒட்டியிருந்த சீட்டுகளுக்கு நடுவே, "காம்பவுண்ட் வில் விற்பனைக்கு" என்று ஒன்று இருந்தது, இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வேட்டை வில். துப்பாக்கிதான் கூடாது, வில்லுக்குத் தடை இல்லை. உரிமத் தடை முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வேட்டையே வேண்டாமென்றிருந்த அவர் அதுவரை உரிமம் வாங்கப் போகவே இல்லை. அன்றைக்குப் போய் வாங்கினார்.

சீட்டு ஒட்டியவன் இருபத்தைந்து வயதுப் பையன். கராஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பனிச்சறுக்குப் பலகைகளுக்கும் நடுவே வில்லை ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தான். ஆர்வில் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டுப் போயிருந்தார். வில்லின் மேல்தண்டையும் கீழ்த்தண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உருண்டைப் பஞ்சை எடுத்து, தண்டின் விளிம்போடு மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனார்.

"என்ன பெருசு, வில்லுக்குக் காது குடையறீங்களா?" என்று பையன் சிரித்தான்.

கீழ்த்தண்டில் பிடி சேரும் இடத்துக்கு நாலு விரல் தள்ளிப் பஞ்சு மாட்டிக்கொண்டது. மெல்லிய இழை ஒன்று அங்கே நின்று ஆடியது.

"இது வெடிச்சிருக்கு."

"சும்மா கீறல். போன வருஷம்கூட அடிச்சேன்."

"அம்பு வைக்காம எப்பவாவது நாணை இழுத்து விட்டியா?"

பையன் தோளைக் குலுக்கினான். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரு தடவை. அதுக்கென்ன?"

"அம்பு போனா இழுத்த வேகமெல்லாம் அம்போட போயிடும். அம்பு இல்லேன்னா எல்லாம் வில்லுக்குள்ளயே திரும்பும். அதுல வெடிச்சதுதான் இது. இனி யாராவது முழுசா இழுத்தா மூஞ்சியிலேயே சிதறும். இதை விக்காதப்பா."

"வேணாம்னா விடுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வர்றாரு."

ஆர்வில் வண்டியில் வந்து உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. நாளைக்கு வரப்போகும் அந்த இன்னொருத்தரையே நினைத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து இறங்கிப் போய், நாற்பது டாலர் கொடுத்து அந்த உடைசல் வில்லை வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தூரத்தில் நின்று நீளக் கத்தரியால் நாணைத் துண்டித்தார். பிறகு இரும்பு ரம்பத்தால் தண்டுகளை நாலாக அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மார்செல்லா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வில்லு வாங்கிட்டு வந்து அறுக்கறியே, உனக்குப் பைத்தியமா?"

"அது சரியில்ல."

"எதுக்கு வில்லு?"

"நீதானே கேட்ட. மான்கறி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஜன்னலை விட்டுப் போய்விட்டாள்.

இரண்டாவது வில் நோர்பர்ட் ஷௌப்பிடம் கிடைத்தது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். வலது தோளில் ஆபரேஷன் ஆகி, இனி வில் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியிலிருந்து வில்லை எடுத்துக் கொடுக்கும்போதே உள்ளதை உள்ளபடி சொன்னார். "தண்டு ரெண்டும் நல்லா இருக்கு. சக்கரம் ரெண்டும் நேரா இருக்கு. ஆனா நாணு ஆறு வருஷம் பழசு. பாரு, இங்க மயிர் மயிரா எழும்பியிருக்கு. மாத்தாம இழுத்துடாத. அம்பையும் தரேன், ஆனா அது என் கைக்கு வெட்டினது. உன் கை நீளம். குட்டை அம்பை இழுத்தா முனை பின்னால வந்து உன் கையையே துளைக்கும். காட்சிக்கு வச்சுக்கோ."

ஆர்வில் பஞ்சை எடுத்தார். நோர்பர்ட் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பஞ்சு முழுவதும் போய் முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். எங்கும் மாட்டவில்லை.

நாண் மாற்றுவதைத் தானே செய்யலாமா என்று ஆர்வில் ஒரு கணம் யோசித்தார். புத்தகம் கூடாது என்றது. வில்லை அழுத்திப் பிடிக்கும் பொறி இல்லாமல் நாணைக் கழற்றினால், தண்டுகளில் அடங்கியிருக்கும் பலமெல்லாம் ஆளின் மேல் பாயும். பக்கத்து ஊரில் பழைய தீவனக் கடைக் கட்டடத்தில் ட்வைலா பெர்க்ஸ்ட்ரோம் என்ற பெண் வில் கடை வைத்திருந்தாள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். காதில் பென்சில், கையெல்லாம் மெழுகு.

வில்லைப் பொறியில் ஏற்றும் முன் சீட்டை எடுத்தாள். "பேரு?"

"ஆர்வில் டெஸ்மர்."

பென்சில் நின்றது.

"கோர்டி என் கிளாஸ்" என்றாள்.

"தெரியும்" என்றார். தெரியாது. ஆனால் அந்த வயதில் அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று எப்போதோ தெரிந்துகொண்டிருந்தார். போகச் சொல்வாள் என்று வில்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

அவள் அளவு நாடாவை எடுத்தாள். "கையை ரெண்டு பக்கமும் விரிச்சு நில்லுங்க. நெஞ்சை நிமித்தாதீங்க, சும்மா நில்லுங்க."

சிலுவையில் அறைந்தவர் மாதிரி நின்றார். ஒரு கைவிரல் நுனியிலிருந்து மறு கைவிரல் நுனி வரை எழுபத்திரண்டு அங்குலம். அதை இரண்டரையால் வகுத்து, இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைய என்று எழுதினாள். நோர்பர்ட்டுக்கு இருந்த அளவு இருபத்தேழு. சக்கரத்தில் உள்ள சிறு தகட்டைக் கழற்றி வேறு துளைக்கு மாற்றினாள். பழைய நாணையும் வடங்களையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டாள். இழுவை, அதாவது நாணை இழுக்க வேண்டிய பலம், அறுபத்தைந்து பவுண்டில் இருந்தது.

"எவ்ளோ வச்சுக்கறீங்க? ஆம்பளைங்க எல்லாரும் எழுபதுதான் கேப்பாங்க. அப்புறம் வானத்தைப் பாத்து இழுப்பாங்க, ஏதோ சாமி கும்புடற மாதிரி."

"எனக்கு எவ்ளோ வேணும்?"

"நாற்காலியில உக்காந்துட்டு, காலைத் தூக்கிட்டு, நேரா இழுக்க முடியணும். அவ்ளோதான் உங்க பலம்."

ஐம்பதில் நின்றது. திருகாணியை ஒவ்வொரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தளர்த்தினாள். அதற்கு மேல் தளர்த்தினால் தண்டே கழன்றுவிடும் என்று அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஐம்பதுக்குத் தக்க எடையில் புது அம்பு ஆறு வெட்டிக் கொடுத்தாள். அம்பு லேசாக இருந்தால் வெறும் நாண் விடுவதற்குச் சமம். ஒவ்வொரு அம்பையும் எய்யும் முன் வளைத்துக் காதருகே வைத்துக் கேட்கச் சொன்னாள். படபடவென்று சத்தம் வந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிறகு நாணைப் பிடித்து விடும் கருவியை மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். தோல் பட்டை, அதில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு விசை. ஆள்காட்டி விரலால் தொட்டால் நாண் விடுபடும்.

ஆர்வில் நாணை இழுத்தார். முதல் பாதி கனமாக இருந்தது, சக்கரம் உருண்டதும் பாரமெல்லாம் கரைந்தது போல் ஆயிற்று. பத்தடியில் வைக்கோல் கட்டு. அதன் நடுவில் மஞ்சள் வட்டம். விசைக்குப் பின்னால் விரலை வைத்தார். பதினோரு வருடத்துக்கு முன் துப்பாக்கியை அழுத்திய அதே விரல். அவரால் எய்யவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

"மெதுவா" என்றாள் ட்வைலா. குரல் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தது. "விரலை விசையிலருந்து எடுங்க. கையை விடாதீங்க. அப்படியே முன்னால போக விடுங்க. இழுக்கும், பயப்படாதீங்க. ஆங். இறங்கிடுச்சு."

வில்லை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்து நின்றார். அவள் இழுப்பறையைத் திறந்து ஏதோ தேடினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் வேறொரு கருவியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல அந்த விரலுக்கு வேலை இல்ல. கட்டைவிரல். முதுகை மெதுவா இறுக்கினா அதுவே போயிடும். எப்ப போச்சுன்னு உங்களுக்கே தெரியாது."

"எப்ப போகும்னு எனக்குத் தெரியணும்."

"போறதுக்கு முன்னாலேயே எல்லாத்தையும் பாத்து முடிச்சிருக்கணும். அதான் கணக்கு" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் சிவந்தது. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம்வரை, சட்டத்தில் இறுக்கிய காகிதத்தின் வழியாக அம்பு விட்டுப் பார்த்தார்கள். முதலில் காகிதம் பக்கவாட்டில் கிழிந்தது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அவள் அம்பு தாங்கியை மயிரிழை நகர்த்தினாள். எட்டாவது அம்பில் ஒரே ஓட்டை விழுந்தது, மூன்று இறகுத் தடத்தோடு, குழந்தை வரைந்த பூ மாதிரி. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஆர்வில் தான் செய்த ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அது வீட்டு வாசல் வரைக்கும் இருந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் லாரி வேலை முடிந்து வந்ததும் கொல்லையில் மண் மேட்டுக்கு முன்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி முப்பது அம்பு. நாணுக்கு மெழுகு. திருகாணிகளைச் சரிபார்த்தல். பிறகு மறுபடி சரிபார்த்தல். மார்செல்லா போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். செப்டம்பர் முடிவதற்குள் அவள் மோதிரம் விரலில் நிற்காமல் போய், கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஜன்னலைத் தூக்கித் திறந்தாள். "இன்னும் எவ்ளோ நாளாகும்?"

"இருபது கெஜத்துல பத்துக்குப் பத்து விழணும். அதுக்கு முன்னால போகக் கூடாது."

"எனக்கு நாள் இருக்கா?"

"அவசரப்பட்டுச் செய்யற வேலை இல்ல மார்ஸெல்."

"லைல் வீடு ஆறு மைல்தான் ஆர்வ்."

அவர் அடுத்த அம்பை எடுத்து வளைத்துக் காதில் வைத்துக் கேட்டார். "காத்து சில்லுனு வருது. ஜன்னலை மூடு" என்றார்.

அவருக்குப் புரியாமல் இல்லை. முதல் நாளே, அந்தத் துணியை மடிக்கும்போதே புரிந்தது. கறியைச் சாக்கு வைத்து அவள் எதைக் கேட்கிறாள் என்று நன்றாகத் தெரியும். ஆனால் வில்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு இருந்தது, ஒரு திருகாணி இருந்தது, தப்பாக இருந்தால் காகிதம் கிழிந்து காட்டிக் கொடுத்தது. லைல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து விழுந்த பிறகும் இன்னொரு வாரம் எய்துகொண்டிருந்தார்.

அக்டோபர் பாதியில், கவுண்டிக் காட்டில் ஓர் ஓக் மரத்தடியில் துணிக் கூடாரம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். மற்ற வேட்டைக்காரர்கள் மாதிரி மரத்தில் ஏறவில்லை. விழுந்தால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. லீவு கிடைத்த நாளில் எல்லாம் போனார். இரண்டு தடவை மான் கிட்ட வந்தும் விட்டுவிட்டார். ஒரு தடவை பின்னால் புதர் அடர்த்தியாக இருந்தது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. இன்னொரு தடவை எல்லாம் சரியாக இருந்தும், வில்லைத் தூக்குவதற்குள் மூன்று தடவை பார்த்து முடிக்க முடியவில்லை.

ஒன்பதாவது நாள் காலை, பனித்தூள் விழுந்துகொண்டிருந்தபோது ஒரு பெண்மான் வந்தது. பதினேழு கெஜம். காது தெரிந்தது, கண் தெரிந்தது, கீழுதட்டில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கு தெரிந்தது. பின்னால் வெறும் மண் சரிவு. மான், மான், மான் என்று மூன்று தடவை மனசுக்குள் சொன்னார். இழுத்தார். அம்பு எப்போது போனதென்று அவருக்குத் தெரியவில்லை.

அரைமணி நேரம் அசையாமல் இருந்தார். பிறகு ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அறுபது அடி தூரத்தில் மான் விழுந்து கிடந்தது. பனியில், பக்கவாட்டில், கால்கள் நீட்டி. கோர்டி கிடந்த அதே கிடப்பு. அருகே போய் முகத்தைப் பார்க்கும்வரை, இது மான்தான் என்று அவருக்கு உறுதிப்படவில்லை. மண்டியிட்டு வாந்தியெடுத்தார். வாயைப் பனியால் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது, மார்செல்லாவைப் பார்க்க வரும் நர்ஸின் வண்டி வாசலில் நின்றது. கிறிஸ்துமஸ் இல்லை, இந்த வாரம்தான் என்று நர்ஸ் சமையலறையில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவர் வெங்காயம் நறுக்கினார். வெண்ணெய் உருகி மணம் எழுந்தது. மெல்லிசாகச் சீவிய இருதயத்தை வறுத்து, ஒரு சின்னத் துண்டை முள்கரண்டியில் எடுத்துப் போனார். மார்செல்லா அதை நாக்கில் வாங்கினாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு காகிதத்தில் துப்பினாள்.

"நல்லா இருக்கு. அம்மா செஞ்ச மாதிரியே."

"அப்புறம் இன்னும் கொஞ்சம்…"

"நான் கறி கேக்கல ஆர்வ்."

"தெரியும்."

"தெரியுமா?"

"செப்டம்பர்லயே தெரியும்."

அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"வில்லு என்னால முடிஞ்சுது."

அவள் அவர் கையைத் தேடி, சட்டைக் கையைப் பிடித்தாள். பிடி என்று சொல்வதற்கில்லை, அவள் கை அதன் மேலே கிடந்தது. "இப்பப் போ. இப்பவே போய் அவனைக் கூட்டிட்டு வா."

"மானைத் தொங்க விட்டிருக்கேன். வெட்டி முடிச்சு, நல்ல துண்டா எடுத்துட்டு, காலையில முதல் வேலையா போறேன். வெறுங்கையோட போக முடியாது மார்ஸெல்."

அன்று பொழுது சாயும்வரை கறி வெட்டினார். கொழுப்பை ஒரு பிசிறு விடாமல் சீவினார். வெள்ளைக் காகிதத்தில் ஓரம் மடித்துக் கட்டி, தொடை, முதுகு என்று பேனாவால் எழுதினார். எழுத்துக் கோணலாக வந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டினார்.

காலையில் அவர் போனபோது லைல் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கோடாரியைக் கீழே வைக்கவில்லை.

"மார்ஸி அனுப்பினாளா?"

"ஆமா."

"நீயா வரல."

"இல்ல."

லைல் பொட்டலத்தைப் பார்த்தான். "என்ன அது?"

"மான். முதுகுக்கறி."

"யாரு அடிச்சது?"

"நான்தான். வில்லால."

"எவ்ளோ தூரம்?"

"பதினேழு கெஜம்."

"பரவால்லையே" என்றான் லைல். உதடு கோணியது. "பதினேழு கெஜத்துல ஆணா பொண்ணான்னுகூட தெரியுமே. இப்பதான் கிட்ட வச்சுப் பாத்து அடிக்கக் கத்துக்கிட்டியா? என் தம்பியைப் புதைச்சுப் பதினோரு வருஷம் கழிச்சு?"

ஆர்வில் பொட்டலத்தை விறகுக் குவியல் மேல் வைத்தார். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "லைல், அவ போயிட்டிருக்கா."

"ஊருக்கே தெரியும். கிறிஸ்துமஸ்னு சொன்னாங்க."

"இல்ல. இந்த வாரம்."

லைல் கோடாரியைக் கட்டையில் ஊன்றினான். கை அதன் மேலேயே இருந்தது. "என்னை எப்பலேருந்து கேக்கறா?"

நேற்றிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பான்.

"செப்டம்பர்லேருந்து" என்றார் ஆர்வில்.

லைல் சேறு படிந்த பூட்ஸோடு அப்படியே போய்த் தன் வண்டியில் ஏறினான். ஆர்வில்லின் வண்டியை முந்திக்கொண்டு போனான். ஆர்வில் வந்து சேரும்போது அவன் ஏற்கெனவே கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். நர்ஸ் சுவரோரமாக நின்றாள். ஆர்வில் கிளம்பியதும் மார்செல்லா வலி தாங்காமல் கதறினாளாம். மருந்து ஏற்றியதும் தூங்கிப்போனாளாம். "இனிமே முழிக்கறது கஷ்டம்" என்றாள் நர்ஸ். "ஆனா பேசுங்க, காது கேக்கும்."

லைல் இரண்டு நாள் பேசினான். அப்பாவின் பழைய டிராக்டர், ஏரியில் ஐஸ் உடைந்து மூவரும் விழுந்த நாள், அம்மாவுக்குத் தெரியாமல் தின்ற ஜாம். வீட்டுக்குப் போகவில்லை. ஆர்வில் காப்பி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார், ஆறியதை எடுத்து வருவார். அந்த அறையில் அவருக்கு உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்து நின்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மார்செல்லா கண்ணைத் திறந்தாள். அந்தக் கண் ஆர்வில்லைத் தாண்டிப் போய் லைலின் மேல் நின்றது.

"கோர்டி" என்றாள். "வந்துட்டியா."

லைல் நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டான். "ஆமா மார்ஸி. வந்துட்டேன்" என்றான்.

அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்குக் கூட்டும் வைத்திருந்தார்கள். ஹோவ்லாண்டு வீட்டார் ஒரு மேஜையில் இருந்தார்கள். ஆர்வில் கதவோரத்து மேஜையில் இருந்தார். ட்வைலா வந்து ஐந்து நிமிடம் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். கிளம்பும்போது லைல் மேலங்கியைப் போட்டுக்கொண்டே அவரிடம் வந்தான்.

"கோர்டியை நீ வேணும்னு செய்யல. அதை எனக்குள்ள ஒரு மாதிரி ஒத்துக்கிட்டேன், போன வருஷம்தான். நீ வந்து தட்டியிருந்தா திறந்திருப்பேன்" என்றான். "ரெண்டு மாசம் அவ கூட இருந்திருப்பேன். இது நீ வேணும்னு செஞ்சது."

"ஆமா" என்றார் ஆர்வில்.

லைல் மேலங்கிப் பொத்தானைப் போட்டான். மனைவியைக் கூட்டிக்கொண்டு படியேறிப் போனான்.

ஆர்வில் இப்போதும் அதே லாரியைத்தான் ஓட்டுகிறார். மீதிக் கறியை, இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சர்ச்சின் உணவுப் பெட்டகத்தில் சேர்த்துவிட்டார். வில்லை ட்வைலாவிடம் கொண்டுபோய் விற்கச் சொன்னார். நல்லா ஒத்து வந்த வில்லு, வச்சுக்கோங்க என்று அவள் எவ்வளவோ சொன்னாள். "எனக்குத் தனியா திங்க ஒரு மான் எதுக்கும்மா" என்றார். ஜனவரியில் அது யாருக்கோ போயிற்று. யார் என்று அவர் கேட்கவில்லை. பால் எடுக்கும் வழியில் லைலின் பண்ணைக்கு முந்தைய பண்ணை வரை போய்த் திரும்ப வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அவன் சமையலறை விளக்கு தெரியும். குழாயைக் கழற்றி, வால்வை மூடி, திருகிப் பார்த்துவிட்டு ஏறி உட்காருவார். லாரி வந்த வழியே திரும்பும்.